எடைச் சீட்டைப் பார்த்து ட்ரக் மாற்றினேன்

போன ஜூனில், டெக்சாஸ் மாநிலம் அமரில்லோவுக்கு வெளியே ஒரு ட்ரக் ஸ்டாப்பில், எங்கள் பிக்கப் ட்ரக்கையும் அதில் மாட்டியிருந்த ட்ரெய்லரையும் சேர்த்து எடை மேடையில் ஏற்றினேன். சீட்டில் வந்த எண்கள் இவை: முன் அச்சு 4,720 பவுண்டு, பின் அச்சு 6,760, ட்ரெய்லரின் அச்சுகள் 10,340, மொத்தம் 21,820. ட்ரக் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். வண்டியின் மொத்த எடை வரம்பு 10,000. பின் அச்சின் வரம்பு 6,500. என் ட்ரக்கின் இரண்டு அச்சும் சேர்ந்து 11,480 சுமந்துகொண்டிருந்தன. வரம்புக்கு மேல் 1,480 பவுண்டு. பின் சீட்டில் மகனும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதே சுமையோடு முந்தின வருடம் மலை ஏறி இறங்கியிருக்கிறோம் என்ற நினைப்பில் கை கொஞ்சம் நடுங்கியது.

எங்களுடையது 34 அடி ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர். படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ள வண்டி வீடு. சாதாரண ட்ரெய்லரை பம்பருக்குக் கீழே உள்ள பந்தில் மாட்டுவார்கள். ஃபிஃப்த் வீல் அப்படி இல்லை. அதன் கழுத்து ட்ரக்கின் பெட்டுக்கு, அதாவது பின்னால் உள்ள திறந்த சரக்குத் தொட்டிக்கு, மேலே நீண்டு வரும். கழுத்தின் அடியில் இரண்டு அங்குல விட்டத்தில் கிங்பின் என்ற இரும்பு முளை இருக்கும். பெட்டில் பொருத்திய ஹிட்ச் என்ற இணைப்புக் கருவியின் தாடைகள் அந்த முளையைக் கவ்விப் பிடிக்கும். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கை வாட்டில் ஒரு சக்கரத்தை வைத்தார்கள். ஐந்தாம் சக்கரம் என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

பம்பரில் மாட்டும் ட்ரெய்லர் தன் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்தைத்தான் ட்ரக் மேல் வைக்கும். ஃபிஃப்த் வீல் இருபது சதவீதம், சில சமயம் அதற்கும் மேலே வைக்கும். அந்த எடை பின் அச்சுக்கு நேர் மேலேயோ கொஞ்சம் முன்னாலேயோ இறங்குவதால் ஓட்டம் நிதானமாக இருக்கிறது, ட்ரெய்லர் வால் ஆட்டுவதும் குறைவு. அதற்காகத்தான் நாங்கள் இதை வாங்கினோம். ஆனால் அந்தச் சுமை முழுவதையும் ட்ரக்தான் தாங்க வேண்டும். இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ட்ரெய்லர் விற்ற இடத்தில், "முக்கால் டன் டீசல்தானே, 17,000 பவுண்டு இழுக்கும், கவலைப்படாதீர்கள்" என்றார்கள். முக்கால் டன், ஒரு டன் என்பவை இங்கே பிக்கப் ட்ரக்குகளின் வகைப் பெயர்கள். 17,000 என்பது பொய் இல்லை. அது இழுக்கும் திறனைச் சொல்லும் எண். என் வண்டியில் இடித்தது தாங்கும் திறன்.

எடை போடச் சொன்னவர் என் மாமனார். நாமக்கல்லில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர், இரண்டு லாரிக்குச் சொந்தக்காரராகவும் இருந்தவர். ஏப்ரலில் எங்களோடு இருக்க வந்திருந்தார். மே மாதம் ட்ரெய்லரை ட்ரக்கில் மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தார். ட்ரக்கின் பின்பக்கம் நான்கு அங்குலம் இறங்கியது.

"மாப்பிள்ளை, பின்னாடி இப்படி உக்காந்திருக்குதே, எடை போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லைங்க மாமா. ஏர் பேக் ஆர்டர் பண்ணியிருக்கேன். அடுத்த வாரம் போட்டா நிமிர்ந்துடும்."

"காத்துப் பை போட்டா உயரம் சரியாகும். ஆக்ஸில் அதேதானுங்களே?"

அன்றைக்கு அது எனக்குச் சரியாக உறைக்கவில்லை. ஏர் பேக்கை நானே மாட்டினேன். சேசிஸுக்கும் அச்சுக்கும் நடுவில் இரண்டு ரப்பர் பைகள், காற்றுக்குழாய், ஒரு சின்ன கம்ப்ரஸர் என்று அரை நாள் வேலை. மாட்டியதும் ட்ரக் நேராக நின்றது, ஹெட்லைட்டும் வானத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா இருக்குதுங்க. எடை மட்டும் போட்டுருங்க" என்றார். அமரில்லோவில் நான் மேடை ஏறியதற்கு அந்தப் பேச்சுதான் காரணம். அன்றும் ட்ரக் பார்வைக்கு நேராகவே நின்றது. சீட்டில் இருந்த எண்ணை ஏர் பேக்கால் ஒரு பவுண்டுகூடக் குறைக்க முடியவில்லை.

எடை போடுவது எளிது. நெடுஞ்சாலையோர ட்ரக் ஸ்டாப்களில் கேட் (CAT) நிறுவனத்தின் எடை மேடைகள் இருக்கின்றன. மேடை தனித்தனிப் பலகைகளாகப் பிரிந்திருக்கும். முன் சக்கரம் முதல் பலகையில், பின் சக்கரம் இரண்டாவதில், ட்ரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் இருக்கும்படி நிறுத்த வேண்டும். பொத்தானை அழுத்திச் சொன்னால் எடை எடுத்துச் சீட்டுக் கொடுப்பார்கள். பதினைந்து டாலர் அளவில்தான் ஆகும். கிங்பின் எடை தெரிய இரண்டு தடவை ஏற வேண்டும், ட்ரெய்லரோடு ஒரு முறை, கழற்றிவிட்டு ட்ரக் மட்டும் ஒரு முறை. ஆட்களும் சாமானும் டீசலும் இரண்டு தடவையும் அப்படியே இருக்க வேண்டும்.

மறுநாள் காலை ட்ரெய்லரை, வண்டி வீடுகள் தங்கும் ஆர்.வி. பார்க்கில் கழற்றி வைத்துவிட்டு, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு திரும்பப் போனேன். முன் அச்சு 4,780, பின் அச்சு 3,820, ஆக 8,600. ட்ரெய்லரோடு 11,480 இருந்தது. வித்தியாசமான 2,880 பவுண்டுதான் கிங்பின் எடை. ட்ரெய்லரின் முழு எடை 13,220, அதன் வரம்பு 14,000. ட்ரெய்லர் தன் அளவுக்குள்தான் இருந்தது. விற்பனைத் தாளில் கிங்பின் எடை 2,150 என்று போட்டிருந்தார்கள். அது தண்ணீர், சாமான் எதுவும் ஏற்றாத வெறும் ட்ரெய்லரின் கணக்கு. வெறும் ட்ரெய்லரோடு யாரும் ஊருக்குப் போவதில்லை.

என் ட்ரக்கின் மஞ்சள் ஸ்டிக்கரில், ஆட்களும் சாமானும் சேர்ந்து 2,180 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருந்தது. நாங்கள் நால்வரும் சேர்ந்து 505. ஹிட்ச் 160. கருவிப்பெட்டி, ஐஸ்பெட்டி, நாற்காலிகள் 120. ட்ரெய்லரை மாட்டுவதற்கு முன்பே 785 போய்விட்டது. மீதி 1,395. அந்த இடத்தில் 2,880 பவுண்டை வைத்திருந்தேன்.

கொலராடோவுக்குக் கிளம்பிய பயணத்தை அங்கேயே ரத்து செய்தோம். பிள்ளைகளுக்கு வருத்தம்தான். பாலோ டூரோ பள்ளத்தாக்கை ட்ரக்கில் மட்டும் போய்ச் சுற்றிப் பார்த்தோம். பிறகு ட்ரெய்லரில் தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டு, 55 மைல் வேகத்துக்கு மேல் போகாமல் டல்லாஸ் திரும்பினோம்.

முதலில் எடையைக் குறைக்க முடியுமா என்று பார்த்தோம். மனைவியும் நானும் ஒரு சனிக்கிழமை முழுக்க ட்ரெய்லரில் இருந்த ஒவ்வொரு பொருளையும் குளியலறைத் தராசில் வைத்து எழுதினோம். கிரைண்டர், இரும்பு தோசைக்கல் இரண்டு, இருபது பவுண்டு அரிசி மூட்டை, பருப்பு வகையறா, பிரஷர் குக்கர், பிள்ளைகளின் சைக்கிள், கூடாரம், கரி அடுப்பு. எவ்வளவு கழித்தாலும் ஒரு கணக்கு எங்களுக்கு எதிராக நின்றது. ட்ரெய்லரிலிருந்து 500 பவுண்டு எடுத்தால் கிங்பினில் ஏறக்குறைய நூறுதான் குறையும், மீதி ட்ரெய்லர் சக்கரங்களில்தான் குறையும். முன்பக்கக் கீழறையில் இருப்பதை எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறையும், ஏனென்றால் அது கிங்பினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் செய்தாலும் 1,480 குறையாது. ட்ரெய்லரை மாற்ற வேண்டும், இல்லையென்றால் ட்ரக்கை மாற்ற வேண்டும். ட்ரெய்லர் எங்கள் எல்லாருக்கும் பிடித்த வீடு. ட்ரக்கை மாற்றுவது என்று முடிவானது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் வரும் இழுவைத் திறன் சும்மா போட்ட எண் இல்லை. ஜே2807 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் உள்ள 11.4 மைல் ஏற்றம்தான் அதற்கு அளவுகோல். பின் அச்சில் பக்கத்துக்கு ஒரு டயர் உள்ள ஒற்றை டயர் ட்ரக் அதில் 40 மைல் வேகத்துக்குக் கீழே போகக் கூடாது, பக்கத்துக்கு இரண்டு உள்ள இரட்டை டயர் ட்ரக் 35-க்குக் கீழே போகக் கூடாது. ஆனால் அந்தக் கணக்கில் வண்டியில் இருப்பவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு. என் வண்டியில் நான்கு பேர், கருவிப்பெட்டி, முளைக்குக் கீழே 2,880 பவுண்டு. விளம்பர எண்ணை எட்டுவதற்கு வெகு முன்பே தாங்கும் வரம்பு முடிந்துவிடுகிறது. டீசல் எஞ்சினே பெரிய கனம் என்பதால், முக்கால் டன் வகையில் இது இன்னும் மோசம். வண்டியின் வரம்பு 10,000-இல் நிற்கிறது, எஞ்சின் எடை கூடக் கூட நமக்குக் கிடைக்கும் பங்கு சுருங்குகிறது.

பெட்ரோல் எஞ்சின் வைத்த ட்ரக்கையும் யோசித்தேன். எஞ்சின் எடை குறைவு, அதனால் தாங்கும் அளவு கூடுதல், விலையும் குறைவு. ஆனால் நாங்கள் போவது கொலராடோ. டர்போ இல்லாத எஞ்சின், உயரம் ஆயிரம் அடி கூடும்போது ஏறக்குறைய மூன்று சதவீத பலத்தை இழக்கும். வழியில் உள்ள ராட்டன் கணவாய் 7,834 அடி. அதைவிட எனக்கு முக்கியம் இறக்கம். டீசலில் உள்ள எக்ஸாஸ்ட் பிரேக்கை, அதாவது புகை வெளியேறுவதை மறித்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் வசதியை, விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சமவெளியில் மட்டும் சுற்றுபவர்கள் பெட்ரோலையும் தாராளமாகப் பார்க்கலாம். எந்த நிறுவனத்தின் ட்ரக், ஃபோர்டா, செவர்லேயா, ராமா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. மூன்றும் என் ட்ரெய்லரை இழுக்கும்.

உண்மையான குழப்பம் ஒரு டன் வகைக்குள்ளேதான் இருந்தது: பின்னால் இரண்டு டயரா, நான்கு டயரா? என் தேவை 785 கூட்டல் 2,880, அதாவது 3,665 பவுண்டு. நான் பார்த்த ஒற்றை டயர் ஒரு டன் ட்ரக்கின் ஸ்டிக்கரில் 3,950 இருந்தது. காகிதத்தில் அது போதும், 285 மிச்சம். பார்க்கிங் எளிது, தினசரி ஓட்டவும் நன்றாக இருக்கும். மனைவிக்கு அதுதான் பிடித்தது. நானும் ஒரு வாரம் அதைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

அப்புறம் டயர் கணக்குப் போட்டேன். ஒற்றை டயர் வண்டியில் வரும் 18 அங்குல டயர் ஒன்று 3,640 பவுண்டு தாங்கும். இரண்டுக்கும் 7,280. என் பழைய ட்ரக்கிலும் அதே டயர்தான், அது 6,760 சுமந்துகொண்டிருந்தது. பின்னால் நான்கு டயர் உள்ள ட்ரக்கை டூயலி என்பார்கள். அதில் 235/80 அளவு, 17 அங்குல டயர் வரும். இரட்டையாகப் போடும்போது ஒன்றுக்கு 2,833 பவுண்டு. நான்குக்கும் 11,332. ஒரு டயர் வெடித்தாலும் அந்தப் பக்கம் இன்னொன்று நிற்கும், வண்டியை ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். டால்ஹார்ட்டிலிருந்து கிளேட்டன் வரை நெடுஞ்சாலை 87-இல் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே பக்கக்காற்று அடிக்க ஆரம்பித்தால் மறைப்புக்கு ஒரு மரம்கூட இருக்காது. 34 அடி நீளச் சுவரை அந்தக் காற்றில் இழுத்துக்கொண்டு போகும்போது, பின் அச்சின் அகலம்தான் நம்மைப் பிடித்து வைக்கும்.

மாமாவிடம் இரண்டு கணக்கையும் சொன்னேன். ஆகஸ்டில் அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அது. "285-ங்கறது ஒரு ஆளு, ஒரு மூட்டைங்க மாப்பிள்ளை. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் ஏறுனா அந்தக் கணக்கு எங்க போகும்?" என்றார். டூயலி என்று அப்போது உறுதியானது.

புது டூயலி விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. மூன்று நான்கு வருடம் ஓடிய வண்டிகளைத் தேடினேன். இதில் ஒரு கவனம் வேண்டும். டூயலிகளில் நிறைய, சரக்கு ட்ரெய்லர் இழுத்துப் பிழைத்த வண்டிகள். மீட்டரில் மைல் மட்டும் பார்த்தால் போதாது. பல ட்ரக்குகளில் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, அதில் நின்றபடி எவ்வளவு ஓடியது என்பதும் திரையில் தெரியும். அதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பெட்டின் நடுவில் ஓட்டை இருந்தால், அது எதை இழுத்தது என்று கேட்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 3520 என்றால் 2020-ஆம் வருடம் 35-ஆவது வாரம். டூயலியில் உள்பக்க டயர்களையும் குனிந்து படிக்க வேண்டும். நான் பார்த்த இரண்டாவது வண்டியில் வெளி டயர்கள் புத்தம் புதிது, உள் டயர்கள் ஆறு வருடப் பழசு. அதை விட்டுவிட்டேன்.

வாங்க நினைக்கும் ஒவ்வொரு ட்ரக்கையும் டெஸ்ட் டிரைவ் போகும்போதே எடை மேடையில் ஏற்றினேன். இதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன். ஒரே பெயர், ஒரே வருடம் என்றாலும், நான்கு சக்கர இயக்கம், சன்ரூஃப், பெரிய கேபின் என்று ஒவ்வொன்றும் எடையைக் கூட்டிவிடும். டேங்க்கை நிரப்பி, நான் மட்டும் உட்கார்ந்து எடை போடுவேன். கதவில் உள்ள மொத்த வரம்பிலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் நமக்கு உண்மையில் கிடைக்கும் அளவு. ஒரு இடத்தில் விற்பவர் எடை மேடைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நானும் அந்த வண்டியைத் தொடரவில்லை.

கடைசியில் வாங்கியது 2021 ராம் 3500 டூயலி. பெரிய கேபின், எட்டு அடி பெட், நான்கு சக்கர இயக்கம். 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினின் உயர்பலப் பதிப்பு, 420 குதிரைத்திறன், 1,075 பவுண்டு-அடி முறுக்குவிசை, ஆறு கியர் ஐசின் பெட்டி. மேடையில் என்னோடு சேர்த்து 8,640 காட்டியது. வரம்பு 14,000. எனக்கு மிச்சம் 5,360. பின் அச்சு வரம்பு மட்டும் 9,750. அந்தச் சீட்டை கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது மூன்று மாத பாரம் இறங்கியது போல இருந்தது.

இந்த வண்டியில் ஃபிஃப்த் வீலுக்கான தொழிற்சாலைத் தயாரிப்பு எதுவும் பெட்டில் இல்லை. அதனால் ஹிட்ச் வேலையை நானே செய்தேன். கான்சாஸ் மாநிலம் ஹம்போல்ட்டில் இருக்கும் பி அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் டர்ன்ஓவர் பால் என்ற குண்டு இணைப்பை வாங்கினேன். அதன் கனமான இரும்புப் பகுதி முழுக்க பெட்டுக்கு அடியில், சேசிஸோடு போல்ட் போட்டு நிற்கும். மேலே தெரிவது நான்கு அங்குல ஓட்டை ஒன்று மட்டும். அதே நிறுவனத்தின் கம்பானியன் ஹிட்ச் அந்த ஓட்டைக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். வேண்டாதபோது ஹிட்ச்சைத் தூக்கிவிட்டால் பெட் சமதளமாகக் கிடைக்கும்.

முதலில் ஸ்டெப்னியை இறக்கினோம். புகைக்குழாய்க்கு மேலே இருந்த வெப்பத் தகட்டைக் கழற்றினோம். பெட்டின் பின் விளிம்பிலிருந்து கையேட்டில் சொன்ன தூரத்தை அளந்து, இரண்டு சக்கரக் கூடுகளுக்கும் நடுமையத்தைக் குறித்தோம். மகன் ஒரு தடவை அளந்தான், நான் ஒரு தடவை அளந்தேன், கால் அங்குலம் இடித்தது. மூன்றாவது தடவை அளந்தபோது அவன்தான் சரி. முதலில் சின்ன ஓட்டை போட்டு, கீழே படுத்து, எந்தக் குறுக்குச் சட்டத்திலும் ஒயரிலும் படவில்லை என்று பார்த்த பிறகுதான் பெரிய ஹோல்-சா வைத்தேன். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, துத்தநாக ப்ரைமர் இரண்டு பூச்சு கொடுத்தேன். இதை விட்டுவிட்டால் அந்த வளையத்திலிருந்து துரு தொடங்கும்.

நடு இரும்பைத் தூக்குவதுதான் சிரமம். தரை ஜாக்கியில் பலகை வைத்து, அதன் மேல் இரும்பை நிறுத்தி, மகன் ஜாக்கியை ஏற்ற, நான் கீழே படுத்து வழிகாட்டினேன். பக்கத் தகடுகளை மாட்டும்போது எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் முடுக்கி வைத்தேன். குண்டு ஓட்டையின் நடுவில் வந்து, பூட்டும் கைப்பிடி சக்கரக் கூட்டின் பக்கம் தடையில்லாமல் நகர்ந்த பிறகு, டார்க் ரெஞ்ச் வைத்து கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். ஒவ்வொரு போல்ட்டிலும் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு. பிறகு போல்ட் நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். ட்ரெய்லரின் விளக்குக்கும் பிரேக்குக்கும் மின்சாரம் தரும் ஏழு முனை பிளக் பெட்டுக்குள் வருவதற்கு, வண்டியின் பின் சாக்கெட்டிலேயே செருகிக்கொள்ளும் நீட்டு ஒயர் கிடைக்கிறது. எந்த ஒயரையும் வெட்டவில்லை. ஒன்றரை நாளில் முடிந்தது.

மாட்டிப் பார்த்தால் ட்ரெய்லரின் மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. புது ட்ரக்கின் பெட் பழையதைவிட உயரம். மூக்கு தூக்கினால் ட்ரெய்லரின் பின் அச்சில் பளு கூடி, அந்த டயர்கள் சூடாகும். ஹிட்ச்சின் தலையை ஒரு துளை கீழே இறக்கினேன். ட்ரெய்லர் சேசிஸ் தரையிலிருந்து முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று சமதளத்தில் அளந்தபோது அரை அங்குலத்துக்குள் வந்தது. அதோடு, பெட்டின் பக்கச் சுவருக்கும் ட்ரெய்லர் கழுத்துக்கும் நடுவே ஆறரை அங்குலம் இடைவெளி. மேடுபள்ளத்தில் திரும்பும்போது இரண்டும் உரசாமல் இருக்க ஆறு அங்குலமாவது வேண்டும். ஹிட்ச்சை இறக்கும்போது இந்த அளவைப் பார்க்காமல் விட்டால் பெட்டின் ஓரம் நசுங்கிவிடும்.

எட்டு அடி பெட்டால் இன்னொரு நிம்மதி. பழைய குட்டை பெட்டில், முழுத் திருப்பம் திரும்பினால் ட்ரெய்லரின் மூலை கேபின் கண்ணாடிக்கு ஒரு கையகலத்தில் வந்து நிற்கும். அதற்கென்று நகரும் ஹிட்ச் வைத்துக்கொள்கிறார்கள். இதில் அது தேவையே இல்லை.

ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் ஒன்றைக் கட்டாயம் செய்கிறேன். கிங்பின் தாடைக்குள் போய் "க்ளக்" என்று சத்தம் கேட்டாலும், பூட்டாமல் தாடையின் மேல் உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படியே கிளம்பினால் ட்ரெய்லர் நழுவி பெட்டின் மேல் விழும். டார்ச் அடித்து, தாடை முளையைச் சுற்றி மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கிறேன். ட்ரெய்லரின் கால்கள் தரையைத் தொட்டபடி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தபடி, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்திக்கொண்டு ட்ரக்கை மெதுவாக முன்னால் இழுக்கிறேன். அசையவில்லை என்றால்தான் கால்களை முழுக்கத் தூக்குவேன். ட்ரெய்லர் பிரேக்கின் பலத்தையும் புதிதாக வைக்க வேண்டியிருந்தது. காலி மைதானத்தில் 25 மைல் வேகத்தில் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவு வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்கி வைத்தேன்.

ஓட்டுநர் உரிமம் பற்றி வாங்கிய பிறகுதான் தெரிந்தது. பழைய ட்ரக் 10,000, ட்ரெய்லர் 14,000, இரண்டும் சேர்ந்து 24,000. சாதாரண கார் உரிமமே போதுமாக இருந்தது. புது ட்ரக்கோ 14,000, ஆக 28,000. டெக்சாஸில் இரண்டும் சேர்ந்து 26,000-ஐத் தாண்டி, ட்ரெய்லர் 10,000-க்கு மேல் இருந்தால், சொந்த உபயோகத்துக்கே ஆனாலும் வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமம் வேண்டும். படித்து, எழுத்துத் தேர்வு எழுதி, என் சொந்த ட்ரெய்லரோடு போய் ஓட்டிக் காட்டி வாங்கினேன். ரிவர்ஸ் பயிற்சிக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. ட்ரக் மாற்ற நினைப்பவர்கள் தங்கள் மாநிலச் சட்டத்தை வண்டி பார்க்கும்போதே பார்த்துவிடுங்கள்.

அக்டோபரில் விட்டுப்போன கொலராடோவுக்குக் கிளம்பினோம். அமரில்லோவில் அதே எடை மேடை. முன் அச்சு 5,020, பின் அச்சு 7,260, ட்ரெய்லர் அச்சுகள் 10,280, மொத்தம் 22,560. ட்ரக்கின் பங்கு 12,280. வரம்புக்கு இன்னும் 1,720 மிச்சம். பின் அச்சில் 2,490 மிச்சம். கிரைண்டரும் வந்தது.

கிளேட்டன் பக்கம் காற்று அடித்தது. எதிரே பெரிய ட்ரக் கடக்கும்போது முன்பெல்லாம் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பேன், ட்ரக்கின் பின்பாகம் நெளிவது முதுகில் தெரியும். இந்தத் தடவை காற்று தள்ளுவது தெரிந்தது, நெளிவு இல்லை. ராட்டன் ஊரிலிருந்து கணவாய் ஏறும்போது அவசரப்படாமல் வலது ஓரத்திலேயே போனேன். மேலிருந்து ட்ரினிடாட் பக்கம் இறங்கும்போது சுமை இழுப்பதற்கு ஏற்ப கியரை மாற்றிக்கொடுக்கும் டோ-ஹால் பொத்தானையும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் போட்டுவிட்டேன். எஞ்சின் உறுமிக்கொண்டு 50 மைலிலேயே பிடித்தது. அடிவாரம் வரை பிரேக்கை இரண்டு தடவைதான் தொட்டேன். முந்தின வருடம் இதே இறக்கத்தின் முடிவில் பிரேக் கருகிய வாசனை வந்தது. இந்தத் தடவை இறங்கி நின்று சக்கரங்களுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன், சாதாரணச் சூடுதான்.

குறைகளும் உண்டு. வண்டி ஏறக்குறைய 22 அடி நீளம், கடைக்குப் போனால் மைதானத்தின் கடைக்கோடியில்தான் நிறுத்த வேண்டும். பின்பக்க அகலம் நினைவில் இல்லாவிட்டால் டிரைவ்-த்ரூ ஓரக்கல்லில் டயர் ஏறிவிடும். மனைவி இதைத் தினசரி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், அவளுக்குக் கார் இருக்கிறது. ட்ரெய்லரோடு கேலனுக்கு ஒன்பதரை மைல் கிடைக்கிறது. பழையதைவிட அரை மைல் குறைவு.

அமரில்லோ சீட்டைப் படம் எடுத்து மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நாமக்கல்லில் அப்போது ராத்திரி. உடனே கூப்பிட்டார்.

"பின்னாடி ஆக்ஸில் சரிங்க. முன்னாடி எவ்வளவு தாங்கும்?"

"6,000 மாமா. 5,020 தான் இருக்குது."

"அப்ப நல்லதுங்க. உள்டயருக்குக் காத்து பாத்தீங்களா? வெளியே இருக்கறத எல்லாரும் பாப்பாங்க."

பார்க்கவில்லை. அன்று மாலை ட்ரினிடாட்டில் நிறுத்தியதும் கேஜை எடுத்துக்கொண்டு குனிந்தேன். இடது உள்டயரில் காற்றழுத்தம் பன்னிரண்டு பவுண்டு குறைவு. டயரில் ஆணி எதுவும் இல்லை, வால்வின் நீட்டுக்குழாய் தளர்ந்திருந்தது. அதை இறுக்கி, சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்து, காற்று ஏற்றினேன். இப்போது ஆறு சக்கரத்துக்கும் கேஜ் வைத்துவிட்டுத்தான் காலையில் சாவியைத் தொடுகிறேன்.